சர்வீஸ் சென்டர் ஏமாற்றினால் எங்கே போவது: கம்பெனியா, 1915-ஆ, நுகர்வோர் ஆணையமா?

கார் சர்வீஸில் செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று தெரிய வந்தால் நமக்கு முறையான வழிகள் மூன்று இருக்கின்றன: கார் கம்பெனியின் கஸ்டமர் கேர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மூன்றையும் நான் போய்ப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஆணையத்துக்குத்தான்.

என் விஷயத்தில் தொகை பெரிதல்ல. வருடாந்திர சர்வீஸ் பில்லில் ஏசி ஃபில்டர் புதிதாக மாற்றியதாக ஒரு வரி, ஏசி கிருமிநீக்கத்துக்கு ஒரு வரி, பிரேக் சுத்தம் செய்ததற்கு ஒரு வரி இருந்தன. வீட்டுக்கு வந்து கிளவ் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் கரி அப்பிய பழைய ஃபில்டர் அப்படியே இருந்தது. அதன் மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலைக் காம்பு ஒன்று செருகிக் கிடந்தது. கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர், "மாத்தியாச்சு சார், ரோட்டுல தூசி ஜாஸ்தி" என்றார். எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக இல்லை. ஃபில்டரை நாமே திறந்து பார்த்துவிடலாம். பிரேக்கை யார் திறந்து பார்ப்பது? அதில் பொய் சொன்னால் போவது உயிர்.

கூகுள் ரிவியூ, முகநூல் பதிவு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. போடலாம், அடுத்து வருகிறவருக்கு உதவும், அவ்வளவுதான். வேறு மெக்கானிக்கிடம் போவது நல்ல யோசனைதான். ஆனால் அது இனிமேல் நடப்பதற்கான தீர்வு, போன பணத்துக்கு அல்ல.

முதலில் கஸ்டமர் கேர். உதிரிபாகம் வர தாமதம், வாரண்டி ஒப்புதல் இழுத்தடிப்பு, கவனக்குறைவாக விட்டுப்போன வேலை இவற்றுக்கெல்லாம் இதுவே போதும், வேகமாகவும் நடக்கும். நேர்மைக் குறைவுக்குத்தான் இது உதவாது. நாம் கொடுக்கிற புகார் சுற்றிச் சுற்றி, சர்வீஸ் சென்டரை நடத்துகிற அதே டீலரின் மேஜைக்கே போய்ச் சேருகிறது. என் புகாரை, 'வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்ற குறிப்போடு முடித்துவிட்டார்கள். யார் விளக்கினார்கள் என்றால், அதே அட்வைசர்.

கம்பெனி தலையிடாததற்குச் சட்ட ரீதியான காரணமும் உண்டு. பெரும்பாலான கார் கம்பெனிகளுக்கும் டீலர்களுக்கும் இடையே இருப்பது முதலாளி, ஏஜென்ட் உறவு அல்ல. தனித்தனி வியாபாரிகளுக்கு இடையிலான ஒப்பந்தம். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த டாடா மோட்டார்ஸ் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கோவாவில் ஒருவர் 2011-இல் புதுக் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்ததோ 622 கிலோமீட்டர் ஓடியிருந்த 2009 மாடல். கீழே இருந்த நுகர்வோர் மன்றங்கள் கம்பெனியையும் பொறுப்பாக்கின. டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. டீலரின் பொறுப்பு மாறவில்லை. ஆக, டீலர் செய்த தப்புக்குக் கம்பெனியையே நம்பி உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். கம்பெனிக்கும் தெரிவித்தேன் என்ற பதிவு பின்னால் பயன்படும்.

அடுத்து 1915. தமிழிலேயே பேசலாம், செலவு கிடையாது, வாட்ஸ்அப்பிலும் புகார் தரலாம். புகார் எண் கொடுத்து, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பி, வரும் பதிலை நமக்குத் தெரிவிக்கிறார்கள். வழக்குக்கு முந்தைய கட்டத்திலேயே பேசித் தீர்ப்பதுதான் இதன் வேலை. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இதற்குக் கிடையாது. பெயர் கெடும் என்று அஞ்சுகிற நிறுவனமாக இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பிவிடும். எனக்கு வந்தது, 'டீலரிடம் விசாரித்தோம், குறைபாடு எதுவும் இல்லை' என்ற பதில். அங்கே பேசியவர்கள் பொறுமையாகவும் மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் அந்தப் பதிலுக்கு மேல் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

ஆணையம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. இங்கே எதிர்தரப்பு பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் முடிவெடுத்தது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆணையத்தின் நோட்டீஸ் கையில் கிடைத்த 30 நாளுக்குள் டீலர் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள் தரலாம். அந்த 45 நாளைத் தாண்டினால் பதில் தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். பழைய 1986 சட்டத்தில் இருந்த இதே விதியை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்திவிட்டது. கஸ்டமர் கேரில் பேசாமல் இருப்பதே டீலருக்கு லாபம். ஆணையத்தில் பேசாமல் இருந்தால் நம் தரப்பை மட்டும் வைத்தே வழக்கு நகரும். போனில் 'மாத்தியாச்சு சார்' என்று சொல்வது சுலபம். அதையே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வரும்போது, ஸ்டோரிலிருந்து ஃபில்டர் வெளியே போனதற்கான கணக்கையும் காட்ட வேண்டி வருமே என்ற யோசனை அவர்களுக்கு வந்துவிடும்.

இதே சட்டம், தெரிந்த விவரத்தை வாடிக்கையாளரிடம் வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. நம் மாதிரி விவகாரங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

செலவை நினைத்துத்தான் பலர் தயங்குகிறார்கள். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. சர்வீஸ் பில் எதுவும் அதைத் தாண்டப் போவதில்லை. வக்கீல் கட்டாயமில்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். டீலர் இருக்கும் ஊருக்கு அலையவும் வேண்டாம்: கோவையில் சர்வீஸுக்கு விட்டவர் இப்போது தேனியில் குடியிருந்தால் தேனியிலேயே தாக்கல் செய்யலாம். ஆன்லைனில் மனு போடுவதற்கான பழைய இ-தாக்கில் தளத்தின் இடத்தில் 2025 முதல் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது. வீட்டிலிருந்தே மனுவை ஏற்றிவிடலாம்.

ஆனால் காகிதம் வேண்டும். வண்டியை விடும்போது கொடுத்த ஜாப் கார்டு, எஸ்டிமேட், ஜிஎஸ்டி பில், அட்வைசரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், தேதி தெரிகிற படங்கள் எல்லாம் வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது ஓடோமீட்டர் தெரிகிற மாதிரி ஒரே வீடியோவாக எடுத்தேன். அந்த வேப்பிலைக் காம்பும் அதில் இருக்கிறது. அப்புறம், வண்டியை விடும்போதே 'கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஸ்பீட் போஸ்ட் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மனு போடுவது நல்லது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

நேரம்தான் இதில் குறை. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதை எதிர்பார்த்து இறங்காதீர்கள். என் வழக்கு கடைசி உத்தரவு வரை போகவும் இல்லை. டீலரின் வக்கீல் ஆஜரானதும் சமரசம் பேசினார்கள். அந்த வரிகளுக்கான பணத்தோடு ஒரு சிறு இழப்பீடும் தந்தார்கள். ஆணையத்தில் அதைப் பதிவு செய்து முடித்தோம். அதனால் நிபுணர் அறிக்கை தேவைப்படுகிற எஞ்சின், கியர்பாக்ஸ் விவகாரங்கள் எப்படிப் போகும் என்று அனுபவத்தில் என்னால் சொல்ல முடியாது. உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத்தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டத்தை நான் பார்த்ததில்லை.

வண்டி தொழிலுக்கு ஓடுகிறது என்றால் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுகிறவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவின் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய கார் என்றால், மனு போடும் முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். எதிர்தரப்பு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.