180 குதிரைவலு என்று சொல்லி 4,200 டொலரை விழுங்கிவிட்டார்கள்: பழைய விமானம் வாங்குபவர்கள் கவனம்

4,200 டொலர். இந்த நிமிசம் வரைக்கும் ஒரு சதம் திரும்பவில்லை. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள், சகோதரங்களுக்குப் பழைய பயிற்சி விமானம் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் இதை வாசித்துவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

தம்பி டென்வர் பக்கம் இருந்து விமானம் ஓட்டப் பழகுகிறான். மணித்தியாலக் கணக்கில் வாடகை கட்டிக் கட்டி அலுத்துப்போய், கூட்டாளிமாருடன் சேர்ந்து பழைய செஸ்னா 172 ஒன்று வாங்க நினைத்தான். முற்பணம் என்னுடையது. டோகாவில் ஹாங்கர் வேலை பார்த்துச் சேர்த்த காசு.

டென்வருக்கு எல்லா விமானமும் சரிவராது. எங்கள் திருகோணமலைச் சீனன்குடா ஓடுபாதை கடல் மட்டத்தோடு கிடக்கிறது. இங்கே 100 குதிரைவலு செஸ்னா 150கூடச் சுகமாக எழும்பும். தம்பி பறக்கும் சென்டேனியல் விமான நிலையம் 5,885 அடியில் இருக்கிறது. 30 பாகை வெயில் அடித்தால் அங்குள்ள காற்று 9,000 அடியில் உள்ளதைப் போல ஐதாகிவிடும். பீதுருதாலகாலை உச்சியே 8,281 அடிதான், யோசித்துப் பாருங்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட 3 வீதம் வலுவை இழக்கும். அப்போது 150 குதிரைவலு எஞ்சினில் மிஞ்சுவது 110 அளவுதான். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் பிடிமானம் குறைவது வேறு. அதனால்தான் 180 குதிரைவலு லைகமிங் ஓ-360 எஞ்சின் மாற்றிப் பூட்டிய 172 ஆகத் தேடினோம்.

பழைய சிறு விமானங்களை விற்றுக் கொடுக்கும் ஓர் இணையத்தளத்தில் அப்படியே ஒன்று கிடந்தது. கன்சாஸில் நிற்கிறதாம். "180 குதிரைவலு, உயரமான இடங்களுக்கென்றே தயார் செய்தது."

முகவர் தமிழர். "அண்ணை எந்த இடம்?" என்றார். திருகோணமலை என்றேன். "ஐயோ, எங்கட அம்மாவும் உவர்மலைதானே!" அதற்குப் பிறகு என்னத்தைச் சந்தேகப்படுவது? வீடியோவில் எஞ்சின் மூடியைத் திறந்தார், எண்ணெய்க் கோலை இழுத்துத் துணியால் துடைத்து மறுபடி தோய்த்துக் காட்டினார். பதிவுப் புத்தகத்தையும் கமராவுக்கு நேரே பிடித்துப் புரட்டினார், ஒரு வரிகூட வாசிக்க முடியாத வேகத்தில். "4,200 போடுங்கோ அண்ணை. பரிசோதனையில பிழை வந்தா முழுக்காசும் திரும்பும். நாளைக்கு வேற ஆள் பார்க்க வருது." அன்றிரவே அனுப்பினேன்.

தம்பி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனான். அவர் டோர்ச் அடித்து முதலில் பார்த்தது எஞ்சின் தகட்டை. ஓ-320, 150 குதிரைவலு. எஞ்சினை மாற்றியிருந்தால் கட்டாயம் இருக்கவேண்டிய, பெரிய மாற்றங்களைப் பதியும் 337 படிவம் கிடையாது. போதாததற்கு விமானம் நெடுநாள் பறக்காமல் நின்றிருக்கிறது. லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேலே இருப்பதால் சும்மா நின்றால் எண்ணெய் வடிந்து துருவேறும். எஞ்சினைப் பிரிக்காமல் அது தெரியவும் தெரியாது.

சரி, பிழை வந்தாயிற்று, காசைத் தாருங்கள் என்றேன். "விற்பவரிடம் கொடுத்தாச்சு, அவரைக் கேளுங்கோ." விற்பவரோ எனக்கு ஒன்றும் வரவில்லை என்கிறார். தளத்துக்கு எழுதினால் ஒரு முறைப்பாட்டு இலக்கமும் "72 மணித்தியாலத்தில் பதில் தருவோம்" என்ற வரியும் வரும், வேறு ஒன்றும் வராது. நள்ளிரவு தாண்டி விழித்திருந்து அவர்களுடைய அலுவலக நேரத்துக்கு அழைத்தால் பாட்டுப் போட்டுக் காக்கவைத்துவிட்டுத் துண்டிக்கிறார்கள். கடைசியில் ஒரு பெண் சொன்னா, அது முற்பணமே இல்லையாம், "விளம்பரத்தை நிறுத்திவைத்த கட்டணம்" என்று. 4,200 டொலருக்கு ஒரு விளம்பரத்தை நிறுத்திவைத்தார்களாம்! உவர்மலைக்காரரின் வட்ஸ்அப்பில் இப்போது ஒற்றைச் சரிதான் விழுகிறது.

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: காசு போகும் முன் எஞ்சின் தகட்டின் படம் கேளுங்கள். அமெரிக்கப் பதிவு விமானமென்றால் 337 படிவங்கள் ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் கோப்பாக இருக்கும், விற்பவரைக் கேட்காமலே எடுக்கலாம். முற்பணத்தை எஸ்க்ரோவில், அதாவது வியாபாரம் முடியும்வரை மூன்றாம் தரப்பு காசை வைத்திருக்கும் கணக்கில் போடுங்கள், முகவர் கையில் வேண்டாம். கன்சாஸ் சமவெளியில் ஏறும் வீடியோவைப் பார்த்து மலைநாட்டுக்கு விமானம் எடுக்காதீர்கள்.

இன்று காலை பார்த்தேன், அதே விமானம் திரும்ப விளம்பரத்தில் நிற்கிறது. விலையில் 1,500 டொலர் குறைத்திருக்கிறார்கள். இன்னும் 180 குதிரைவலு என்றுதான் போட்டிருக்கிறது.