பிட் துணியை அடுக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எடை போட்டுக் கொடுக்காதீர்கள்

சேலத்தில் குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைப்பவர்கள், ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள், என்றாவது தைக்கலாம் என்று பீரோ அடியில் பிட் துணி மூட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் படியுங்கள். "உங்க பிட் துணியைக் கொடுங்க, துவைச்சு, அயர்ன் பண்ணி, 5 அங்குலச் சதுரமா வெட்டி, நிறம் பிரிச்சுப் பெட்டியில அடுக்கித் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஊருக்குள்ளேயே ஒரு வீட்டு மாடியில் நடத்துகிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

நான் கொடுத்தது 14 கிலோ. திரும்பி வந்ததும் 14 கிலோ. ஏமாற்று வேலை அந்த இரண்டாவது 14-இல்தான் இருக்கிறது.

தையல்கடையில் விழும் துண்டு எதுவும் சதுரமாக இருக்காது. கைக்குழி வெட்டிய வளைவு, கழுத்து வெட்டிய பிறை, ஒரு பக்கம் பிசிறு, ஒரு பக்கம் கரை. அதைச் சதுரமாக வெட்டினால் ஓரங்கள் கழிவாகப் போயே ஆக வேண்டும். துணி எவ்வளவு கோணலோ அவ்வளவு கழிவு. ஆகவே எடை குறைந்து வந்திருந்தால் அது நியாயம். குறையாமல் வந்தால், கழிந்த இடத்தை வேறு ஏதோ நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அதை நடத்துகிறவரிடம் கேட்டேன். "கஞ்சி போட்டிருக்கோம்ங்கக்கா, அதான் எடை நிக்குது" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். கஞ்சி கொஞ்சம் எடை ஏற்றும். பருத்தியும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காய்ந்த பருத்தி நூறு கிலோ இருந்தால் சாதாரணக் காற்றிலேயே சுமார் எட்டரைக் கிலோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அரைக் கிலோகூடக் கிடையாது. ஆனால் என் பெட்டிகளில் கூடியிருந்தது கஞ்சியும் இல்லை, ஈரமும் இல்லை.

மேல் இரண்டு அடுக்கு என் துணிதான். மதுரை சுங்குடி, குமாரபாளையம் லுங்கி, அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை. அதற்குக் கீழே கை வைத்தால் வழுக்கியது. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து, காகிதம் எரிகிற வாசனையே வந்து, தொட்டால் உதிரும் சாம்பல் மிஞ்சும். இது தீயை விட்டுச் சுருங்கி, கரும்புகை விட்டு, நுனியில் கெட்டியான கறுப்பு மணியாக உருண்டது. பாலியஸ்டர். அதற்கும் அடியில் இருந்தது பனியன் வேஸ்ட். இழுத்தால் நீள்கிறது, விட்டால் ஓரம் சுருண்டுகொள்கிறது. திருப்பூர்ப் பக்கம் துடைக்கிற துணியாக மூட்டை கட்டி விற்கிற சரக்கு. அதைப் பருத்திச் சதுரத்தோடு சேர்த்துத் தைத்தால் போர்வை ஒரு மூலையில் தொங்கும், இன்னொரு மூலையில் சுருக்கம் விழும். பனியன் துணியை அடியில் வைத்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்களா, தெரிந்தாலும் என்ன செய்வார்கள் என்று நினைத்தார்களா, தெரியவில்லை.

சரி, என் துணியாவது ஒழுங்காக வெட்டியிருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கனமாக அடுக்கிக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். மேலே 5 அங்குலம், அடியில் நாலே முக்கால். கால் அங்குலம்தானே என்று தோன்றும். வரிசைக்கு 16 சதுரம் என்றால் 4 அங்குலம் குறைகிறது. பக்கத்து வரிசையின் தையலோடு இந்த வரிசையின் தையல் எங்கேயும் சந்திக்காது. கூலி கிலோவுக்கு 120 ரூபாய். ரசீது கேட்டதற்கு "குடிசைத் தொழில்ங்கக்கா, நமக்குள்ள எதுக்கு" என்றார்.

இன்னொரு கூத்து கஞ்சியால் வந்தது. ஒரு பெட்டியை ஏற்காட்டில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். அவளும் தைப்பாள். 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் ஜன்னல் வழியே மேகமே வீட்டுக்குள் வரும். கஞ்சி போட்ட துணியைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி அந்த ஊரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? வெள்ளைத் துண்டுகளில் கரும்புள்ளி விழுந்துவிட்டது, துவைத்தும் போகவில்லை. சேலத்தில் என்னிடம் இருந்த பெட்டிகளில் பூஞ்சை இல்லை, ஆனால் ராமபாணப் பூச்சி. அதற்குக் கஞ்சி மாவு என்றால் விருந்து. தைப்பதற்கு முன் அன்றைக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணலாம், நல்லது. மாதக்கணக்கில் அடுக்கி வைக்கிற துணிக்குக் கஞ்சி போடுகிறவருக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் அந்துருண்டையைத் துணி மேலேயே போட்டும் வைத்திருந்தார்கள். சில பிளாஸ்டிக்கை அது இளக வைத்துவிடும், வாசனையும் லேசில் போகாது.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், திரும்பி வரும் சதுரங்களின் எடையை மட்டும் கணக்காக வைக்காதீர்கள். கழிவைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஓரத் துணுக்கு முழுவதையும். வெட்டிய துணியும் கழிவும் சேர்ந்து கொடுத்த எடைக்குப் பக்கத்தில் வர வேண்டும். கழிவு எங்கே என்று கேட்டதும் "குப்பையில போட்டுட்டோம்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எண்ணிக்கையும் கேளுங்கள்: மெல்லிய பாப்ளின் சதுர மீட்டருக்கு நூறு கிராம் என்று வைத்தால் 5 அங்குலச் சதுரம் ஒன்று ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல், கிலோவுக்கு ஏறக்குறைய 600 வரும். கொடுப்பதற்கு முன் துணியைத் தரையில் பரப்பி, தேதி தெரியப் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். வாங்கும்போது மேலடுக்கைப் பார்த்துத் தலையாட்டாமல் பெட்டியை அங்கேயே கவிழ்த்துக் கொட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நான் இப்போது என் துணியை நானே பிரித்து வைக்கிறேன். இரண்டரை அங்குலப் பட்டை தனி, சதுரம் தனி, வெட்ட முடியாத கோணல்கள் நிறவாரியாகப் பழைய தலையணை உறைகளில். உறைக்குள் காற்று போய்வரும். மர அலமாரியில் துணி பட்ட இடம் பழுப்பாவதால், துவைத்த காடாத் துணியை அடியில் விரித்திருக்கிறேன். வெயில் விழும் பக்கம் எதையும் வைப்பதில்லை.

புகார் விஷயம்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். ரசீது இல்லை, ஆனால் பணம் அனுப்பிய கூகுள் பே விவரமும் எடை எழுதிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர் இப்போது "கூலியில பாதி தர்றேன்க்கா, விட்டுருங்க" என்கிறார். கூலி போகட்டும், துணி எங்கே?

அந்தத் துணி எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதே ஆள் "சுத்தக் காட்டன், ரெடி பெட்டி" என்று தனியாகவும் விற்கிறார். அப்படி ஒன்று வாங்கியவர்கள் தயவுசெய்து பெட்டியைக் கொட்டிப் பாருங்கள். மயில்கழுத்து நிறச் சுங்குடியில் மஞ்சள் புள்ளி, அல்லது அரக்குச் சேலைத் துண்டின் ஓரத்தில் வெள்ளை நூலால் அம்மா போட்ட இழைத்தையல் இருந்தால், அது என்னுடையது. நீங்கள் கொடுத்த காசை நான் தருகிறேன்.