தேக்குத் தூண்களுக்கு நடுவே ககாரின்: செட்டிநாட்டு வீட்டில் ஒரு விண்வெளி மாலை

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் செல்லும் வழியில் உள்ள ஒரு பழைய நகரத்தார் வீட்டில், வளர்பிறைச் சனிக்கிழமைகளில், தொடக்க கால விண்வெளி வீரர்களைப் பற்றிய கண்காட்சி, மொட்டை மாடியில் தொலைநோக்கி வழியாக வானம் பார்த்தல், இரவுப் பலகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்த நிகழ்ச்சியொன்று நடைபெற்று வருகிறது. வீடு இன்னும் பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருப்பதால் பெயரும் முகவரியும் வெளியே வர வேண்டாம் என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டார்கள். காரைக்குடித் தங்கும் விடுதிகளில் விசாரித்தால் முன்பதிவுக்கான எண் கிடைத்துவிடும். பெரியவர்களுக்கு 750 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு 300 ரூபாய். நானும் என் அப்பச்சியும் (அப்பாவும்) எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் சென்றோம். மாலை ஐந்தரை மணிக்கு உள்ளே நுழைந்த நாங்கள் வெளியே வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது.

முகப்பைக் கடந்து வளவுக்குள் நுழைந்ததும், முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஐந்தைக் கண்காட்சிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு புள்ளியின், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதியின், சீரும் சாமானும் பூட்டி வைக்கப்பட்டிருந்த அறைகள் அவை. முதல் அறை, விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரினுக்கு உரியது. 1961 ஏப்ரல் 12 அன்று வோஸ்டாக் 1 கலத்தில் ஏறிப் பூமியை ஒரு முறை சுற்றி 108 நிமிடங்களில் திரும்பிய 27 வயது இளைஞரின் கதையை எல்லோரும் ஒரே விதமாகத்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு போனேன். இங்கே அப்படிச் சொல்லவில்லை. அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைவிட்டு வெளியேறித் தனியே பாராசூட்டில்தான் இறங்கினார் என்பதையும், விமானச் சாதனைகளைப் பதிவு செய்யும் விதிகளின்படி விமானி கலத்தோடு இறங்கியாக வேண்டும் என்பதால் சோவியத் அரசு அந்த உண்மையைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது என்பதையும், ஒரு பெரிய பலகையில் தெளிவான தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் இறங்கிய வயலில் முதலில் அவரைக் கண்டவர்கள் ஒரு பாட்டியும் பேத்தியும் என்ற செய்தி அதற்குக் கீழே இருக்கிறது. வீரத்தைப் போற்றுகிற கண்காட்சி அதனோடு ஒட்டியிருந்த பொய்யையும் சொல்லத் துணிந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதே ஆண்டு இறுதியில் ககாரின் இந்தியா வந்தபோது கூடிய கூட்டத்தைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பு உண்டு.

இரண்டாவது அறையில் குறை தொடங்குகிறது. அமெரிக்க வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றியதற்கும், 1965 மார்ச்சில் சோவியத் வீரர் அலெக்சேய் லியோனவ் முதன்முதலாகக் கலத்துக்கு வெளியே மிதந்தபோது உடை ஊதிப் பருத்துவிட்டதால் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய முடிந்ததற்கும் விரிவாக இடம் தந்தவர்கள், விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான சோவியத் வீராங்கனை வாலெந்தினா தெரெஷ்கோவாவை ஒரு படத்தோடும் இரண்டு வரிகளோடும் முடித்துவிட்டார்கள். ஜவுளி ஆலையில் வேலை பார்த்த, பாராசூட்டில் குதிப்பதைப் பொழுதுபோக்காகப் பழகிய அந்தப் பெண் 1963 ஜூன் 16 அன்று புறப்பட்டு 48 முறை பூமியைச் சுற்றினார். அதுவரை விண்வெளிக்குச் சென்ற அமெரிக்கர்கள் அனைவரும் அங்கே கழித்த நேரத்தைக் கூட்டினாலும் அவர் ஒருவர் கழித்த நேரத்துக்கு ஈடாகாது. அவருக்குப் பிறகு இன்னொரு பெண் விண்வெளிக்குப் போக 1982 வரை, அதாவது 19 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 19 ஆண்டுகள்தான் அந்தப் படத்துக்குக் கீழே எழுதப்பட்டிருக்க வேண்டிய செய்தி. என் மகள் அந்தப் படத்தின் முன் நின்று, "அப்புறம் இவுக என்ன ஆனாக?" என்று கேட்டாள். வழிகாட்டிக்கு நின்று சொல்ல நேரமில்லை.

மூன்றாவது அறை சிறியது, விளக்கும் குறைவு. 1967 சனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது தீயில் மாண்ட அமெரிக்கர்களான கிரிசம், ஒயிட், சாஃபி ஆகிய மூவரும், அதே ஆண்டு ஏப்ரலில் பாராசூட் விரியாததால் மாண்ட சோவியத் வீரர் விளாதிமிர் கொமாரவும் அங்கே அடுத்தடுத்து இருக்கிறார்கள். இரு நாடுகளின் போட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நால்வரையும் ஒரே சுவரில், வீட்டுப் பெரியவர்களின் படங்களை மாட்டுவதைப் போலவே மாட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடத்தில் மறைந்த கல்பனா சாவ்லாவும் இருக்கிறார். அங்கே யாரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அடுத்தது 1969 ஜூலை. பட்டாலையை (கூடத்தை) ஒட்டிய அந்த அறையில் மேசை மீது ஒரு பழைய வால்வு வானொலிப் பெட்டியை வைத்து, அதன் வழியாகத் தரையிறக்கத்தின்போது நடந்த உரையாடலின் ஒலிப்பதிவை ஓட விடுகிறார்கள். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது நம் நாட்டில் 21ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஏறத்தாழ எட்டரை மணி. இந்தியாவில் அப்போது தில்லியில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. சென்னைக்கு அது வந்ததே 1975இல்தான். ஆகவே உலகம் திரையில் பார்த்த அந்தக் காட்சியை நம் ஊர்கள் காதால் மட்டுமே கேட்டன. அப்போது பதினொரு வயதுப் பையனாக இருந்த என் அப்பச்சி, பள்ளிக்கூடம் போகிற வழியில் பஞ்சாயத்து வானொலிக்கு அடியில் நின்றுவிட்டுத் தாமதமாகப் போய் வாத்தியாரிடம் அடி வாங்கியதையும், மறுநாள் செய்தித்தாளில் வந்த மங்கலான படத்தைக் காட்டி அதே வாத்தியார் பாடம் நடத்தியதையும் அந்த அறையில் நின்றுதான் எனக்கு முதன்முறையாகச் சொன்னார். கட்டணத்தில் பாதி அந்த வானொலிப் பெட்டிக்கே தகும்.

இதற்குப் பிறகு ஐந்தாவது அறைக்குள் நுழைந்தால் 2023 ஆகஸ்ட் 23 வந்துவிடுகிறது. சந்திரயான் 3 இறங்கிய மாலை, விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் படம், ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்த நேரலை, 2025 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா என எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. 1984 ஏப்ரலில் சோயூஸ் கலத்தில் சென்று சல்யூட் 7 நிலையத்தில் தங்கிய ராக்கேஷ் சர்மா நடுவில் ஒற்றைப் பலகையில் நிற்கிறார். அவருக்கும் சுக்லாவுக்கும் இடையே 41 ஆண்டுகள் கடந்ததைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. 1969இலிருந்து 2023க்கு ஒரே வாசற்படியில் தாண்டிவிடுகிற இந்த அமைப்பே இக்கண்காட்சியின் மிகப் பெரிய குறை என்று கருதுகிறேன். அந்த வாசற்படிக்கு அடியில் புதைந்து கிடப்பதுதான் முழுக் கதை.

மக்கள் எப்போதும் ஒரே ஆர்வத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணத்தை இந்த வரிசை உண்டாக்குகிறது. உண்மை அதற்கு மாறானது. 1960களில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகள் பலவற்றில், நிலவுப் பயணத்துக்கு ஆகும் செலவு தகும் என்று சொன்ன அமெரிக்கர்கள் பாதிப் பேர்கூட இல்லை; தரையிறக்கத்தை ஒட்டிய நாட்களில்தான் அந்த ஆதரவு பாதியைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நிலவை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 வீரர்கள் கலத்திலிருந்து அனுப்பிய ஒளிபரப்பை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் காட்டவில்லை. ஒளிபரப்பு முடிந்த சில நிமிடங்களில் ஆக்சிஜன் கலன் வெடித்து, மூவரும் திரும்புவார்களா என்ற கேள்வி எழுந்த பிறகுதான் உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது. அப்பல்லோ 18, 19, 20 ஆகிய மூன்று பயணங்களும் கைவிடப்பட்டன. 1966இல் அமெரிக்க ஒன்றிய அரசின் செலவில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் பெற்ற நாசா, பத்தே ஆண்டுகளில் ஒரு விழுக்காட்டளவுக்கு இறங்கியது. 1972 டிசம்பரில் செர்னனும் ஷ்மிட்டும் கிளம்பி வந்ததோடு நிலவில் நடந்தவர்களின் எண்ணிக்கை 12இல் நின்றுபோனது. முதல் காலடிக்கும் அந்தக் கடைசிக் காலடிக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள்கூட இல்லை.

இதைச் சொல்வதற்கு இந்த வீட்டைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது என்பதால்தான் என் ஆதங்கம் கூடுகிறது. நாம் நிற்கும் தூண் பர்மாவிலிருந்து வந்த தேக்கு. அதைக் கொண்டுவந்தவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள். சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை பெண்டு பிள்ளைகளைப் பாராமல் இரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கடையிலேயே படுத்து எழுந்தவர்கள். என் ஐயா (தாத்தா) பர்மாவின் மோல்மேனில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்து, 1942இல் கையில் எதுவுமில்லாமல் திரும்பி வந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கப்பல் ஏறவில்லை. ஏறச் சொல்லவும் இல்லை. போனவர் சொன்ன கதைகளைக் கேட்கக்கூட ஒரு தலைமுறைக்கு மனமில்லாமல் போயிற்று. பேரன் காலத்தில்தான் மறுபடி சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்தார்கள். துணிவு குறைந்ததால் பயணம் நின்றது என்று சொல்லிவிட முடியாது. போர் வந்தது, சட்டம் மாறியது, கணக்குக் கட்டவில்லை, வீட்டில் இருந்தவர்கள் காத்திருந்து சலித்தார்கள். நிலவுப் பயணம் நின்றதற்கும் காரணங்கள் பெரும்பாலும் இவ்வகைப்பட்டவையே. கண்காட்சியில் இந்தத் தொடர்பைத் தொட்ட ஓரிடம் உண்டு. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் கீழே இறங்கியிருக்க, கலத்தில் நிலவைச் சுற்றியபடி, அதன் மறுபக்கம் போகும்போதெல்லாம் ஏறத்தாழ 48 நிமிடங்கள் பூமியோடு பேச்சே இல்லாமல் தனியாக இருந்த மைக்கேல் காலின்ஸின் படத்துக்கு அருகில், இந்த வீட்டு ஆச்சி ஒருவர் இரங்கூனுக்கு எழுதிய கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விளக்கம் ஏதும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதே நன்று என்றாலும், இந்த எண்ணத்தை அடுத்த அறைக்கும் கொண்டுபோயிருக்கலாம்.

அழகப்ப செட்டியாருக்கு ஒரு சிறு மூலை தந்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். இலண்டனில் விமானம் ஓட்டப் பயின்று உரிமம் பெற்றவர், காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையம் அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர், 1957 ஏப்ரலில் மறைந்தார். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது அதே ஆண்டு அக்டோபரில். இந்த ஆறு மாத இடைவெளியை அந்தப் பலகை சொல்லும் விதம் மனத்தைத் தொடுகிறது.

மொட்டை மாடிக்குச் செல்லும் படி செங்குத்தானது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. மூட்டு வலி உள்ள முதியவர்களை அழைத்துச் செல்வோர் முன்பே சொல்லிவிட்டால் இருவர் துணைக்கு வருகிறார்கள். மேலே எட்டு அங்குல விட்டமுள்ள ஒரே ஒரு பிரதிபலிப்புத் தொலைநோக்கிதான் இருக்கிறது. முப்பது பேருக்கு அது போதாது. எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. இன்னொரு தொலைநோக்கி வாங்கும்வரை ஆட்களைக் குறைப்பதே முறை. ஆயினும் கண்ணை வைத்த கணத்தில் அந்தக் காத்திருப்பு மறந்துவிட்டது. சப்தமி நிலவின் ஒளிப்பகுதியில் அமைதிக் கடல் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. கொடி தெரியுமா என்று என் மகள் கேட்டதற்கு, பூமியில் உள்ள எந்தத் தொலைநோக்கியாலும் அதைக் காட்ட முடியாது என்றும், நிலவைச் சுற்றிவரும் ஓர் அமெரிக்கக் கலம்தான் அங்கே விட்டுவரப்பட்ட இறங்குகலத்தின் அடிப்பகுதியைப் படமெடுத்திருக்கிறது என்றும் பொறுமையாக விளக்கி, அந்தப் படத்தையும் கைப்பேசியில் காட்டினார்கள். ஏழேகால் மணிக்குப் பன்னாட்டு விண்வெளி நிலையம் வடமேற்கில் எழுந்து, நான்கு நிமிடங்கள் போலச் சீராக நகர்ந்து, நிழலுக்குள் புகுந்து மறைந்தது. 2000 நவம்பரிலிருந்து ஒரு நாளும் ஆளில்லாமல் இருந்ததில்லை என்று வழிகாட்டி சொன்னபோது, அங்கே இருந்தவர்களில் பலர் அதை முதன்முறையாகக் கேட்டது முகங்களில் தெரிந்தது. மனிதர்கள் தலைக்கு மேலே குடியிருந்துகொண்டே இருக்கிறார்கள். நாம்தான் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தியிருந்தோம்.

பலகாரத்தில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கோசமல்லியும் இடியாப்பமும் நன்றாக இருந்தன. கந்தரப்பம் ஆறிப்போயிருந்தது. கழிப்பறை தூய்மை. வண்டி நிறுத்த இடம் தாராளம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ளவர்களும், 1969ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் உள்ளவர்களும் தவறாமல் செல்லலாம். இருவரையும் சேர்த்து அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். விடைபெறும்போது பார்வையாளர் ஏட்டில், விடுபட்ட ஆண்டுகளைப் பற்றி இங்கே எழுதியிருப்பதைச் சுருக்கமாக எழுதி வைத்தேன். அதைப் படித்த பொறுப்பாளர் என்னைப் பெட்டக அறைக்கு அழைத்துச் சென்று, ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே 1961இலிருந்து 1969 வரையிலான தமிழ்ப் பத்திரிகைக் கத்தரிப்புகள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டிருந்தன. 1970க்குப் பிறகு இரண்டே இரண்டு தாள்கள். சேர்த்து வைத்தவரே அப்போது நிறுத்திவிட்டாராம். அந்த ஆண்டுகளின் பத்திரிகைகள் எந்த வீட்டிலாவது இருந்தால் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் என் அப்பச்சி கட்டிப் போட்ட பழைய இதழ்கள் இருக்கின்றன; வரும் ஞாயிறு அவற்றை இறக்கிப் பார்க்கப் போகிறோம்.