12 மணிக் கச்சேரிக்கு முன் ஒரு பந்தி: மயிலாப்பூர் சபா கேண்டீனில் ஒரு நாள்

கல்லூரியில் என்னோடு படித்து, 30 ஆண்டுகளாக நாகபுரியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இந்த மார்கழியில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய மனைவி மராட்டியர். இந்துஸ்தானி வாய்ப்பாட்டைப் பல ஆண்டுகள் முறையாகக் கற்றவர். சென்னையில் அவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது ஒரே நாள்தான். அந்த நாளில் நல்ல சாப்பாடும் வேண்டும், நல்ல பாட்டும் வேண்டும், ஊர் முழுவதும் அலையவும் கூடாது என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், மயிலாப்பூரில் உள்ள ஒரு சபாவின் கேண்டீனைத் தேர்ந்தெடுத்து, காலை 11 மணி முதல் இரவு 9 மணி வரை அந்த வளாகத்திலேயே இருந்துவிட்டோம். மூன்று வேளை உண்டதையும் மூன்று கச்சேரிகள் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் சபாவின் பெயரையும் சமையல் ஒப்பந்தக்காரரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

சென்னைக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. டிசம்பர் இசை விழா என்று நாம் இன்று சொல்லும் பெருவிழா அங்கிருந்து வளர்ந்ததுதான். பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் முந்தையது, 1900இலேயே தோன்றிவிட்டது. காலை விளக்கவுரையில் தொடங்கி இரவுக் கச்சேரி வரை ஒரே கட்டடத்தில் கழிக்கும் ரசிகருக்கு அங்கேயே சாப்பாடு கிடைத்தாக வேண்டும் என்பதால், ஓரமாகக் காபி ஊற்றிக் கொடுத்த இடங்கள் காலப்போக்கில் பந்தி போடும் கூடங்களாயின. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் போன்ற சமையல் கலைஞர்களின் பெயர்களைப் பாடகர்களின் பெயர்களுக்கு இணையாக உச்சரிக்கும் ஊர் இது. பெரும்பாலான கேண்டீன்களில் சாப்பிடுவதற்குக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே போய் உட்காரலாம்.

இருந்தாலும் சபா கேண்டீனை ஓட்டலை அளக்கும் கோலால் அளக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ருசி, சுத்தம், விலை ஆகிய மூன்றும் எங்கும் பார்க்க வேண்டியவை. இங்கே நான்காவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளே நடக்கும் கச்சேரியின் நேரத்தை அறிந்து அது பரிமாறுகிறதா? ஆலாபனை தொடங்கும் முன் இலையை விட்டு எழ முடியாமல் போனால், அந்தச் சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் ரசிகருக்கு அது நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

இந்தக் கேண்டீன் அந்தச் சோதனையில் பகலில் அருமையாகத் தேறியது. மெட்ரோ பணிகளால் லஸ் முனையைச் சுற்றிப் பாதைகள் மாறிக் கிடப்பதால் நாங்கள் ஆட்டோவில் சற்றுத் தாமதமாகவே வந்து, 11.15 மணிக்குத்தான் பந்தியில் அமர்ந்தோம். பரிமாற வந்த பெரியவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "12 மணிக் கச்சேரிக்கா சார்?" என்று கேட்டார். ஆம் என்றதும் உள்ளே திரும்பி, "மூணு இலை, பன்னெண்டு மணி" என்று குரல் கொடுத்தார். அதன் பிறகு நாங்கள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழம்புச் சாதம் முடியும் தறுவாயில் ரசம் வந்தது; ரசம் முடியுமுன் போளி வந்தது; 11.50க்குக் கை கழுவிவிட்டோம். எதிர் வரிசையில் வீட்டுக்குப் போகிறவர்களாக அமர்ந்திருந்த ஒரு குடும்பத்துக்கு அதே பெரியவர் நிதானமாக, கதை பேசிக்கொண்டே பரிமாறினார். இந்தப் பக்குவம் எந்த ஓட்டலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இலைக்கு வருகிறேன். சாப்பாடு 550 ரூபாய். வலது கீழ் மூலையில் துளி சேமியா பாயசம், இடது மேல் ஓரத்தில் உப்பு, மாகாளிக் கிழங்கு ஊறுகாய், பிறகு வெள்ளரிப் பச்சடி, அவரைக்காய்ப் பொரியல், வாழைப்பூ பருப்பு உசிலி, சௌசௌ கூட்டு, சேனை வறுவல், வடாம், பருப்பு, நெய். மாகாளியின் வாடை பழகாதவர்களுக்கு ஒத்துவராது. நண்பரின் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு அதைக் கணவரின் இலைக்கு மாற்றினார். 30 ஆண்டுகளாக அந்த வாடைக்கு ஏங்கியவர் போல நண்பர் இரண்டு துண்டுகளையும் மோர்ச் சாதத்துக்கென்று பத்திரப்படுத்தினார். உசிலி உதிரியாக, எண்ணெய் மிதக்காமல் இருந்தது. கூட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

பாகற்காய் பிட்லையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பல பந்திகளில் பாகற்காய் என்றாலே வெல்லத்தைக் கொட்டிக் கசப்பை மூடிவிடுகிறார்கள். இங்கே தனியா, மிளகாய், கடலைப் பருப்பு, தேங்காய் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து அரைத்த மணம் முதலில் எழுந்தது. துவரம் பருப்பின் கனமும் புளியின் இழுப்பும் அடுத்து வந்தன. விழுங்கிய பிறகே கசப்பு நாவின் பின்புறத்தில் மெல்லத் தெரிந்தது. ஊறிய கொண்டைக்கடலை குழையாமல், நசுக்கினால் மட்டும் மசியும் பதத்தில் இருந்தது. சூடான சாதத்தில் நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து சாப்பிட்ட அந்த ஐந்து நிமிடங்களுக்காகவே நான் இந்தக் கேண்டீனுக்கு மறுபடியும் போவேன்.

போளி அன்று பேச்சுக்கு உரிய பண்டமாயிற்று. நண்பரின் மனைவி பூரண்போளி செய்யும் வீட்டில் பிறந்தவர். கடலைப் பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரணம் இரு ஊருக்கும் பொதுதான், மேல்மாவில்தான் வேறுபாடு. அவர்கள் வீட்டில் கோதுமை மாவைச் சப்பாத்திபோல் இட்டு, தவாவில் சுட்டு, பாலோ நெய்யோ ஊற்றி உண்பார்களாம். இங்கே மஞ்சள் தூள் சேர்த்த மைதாவை நல்லெண்ணெயில் ஊற வைத்து, வாழையிலைத் துண்டின் மேல் விரல்களாலேயே தட்டிப் பரத்துகிறார்கள். சமையற்கூடத்தின் வாசலில் நின்று அவர் அதைப் பார்த்தார். மாவு உருண்டை பூரணத்தை மூடி, ஈரத்துணிபோல் வழவழவென்று இலை விளிம்பு வரை பரவியதையும், இலையோடு கல்லில் கவிழ்த்து, சூடு ஏறியதும் இலையை மட்டும் உரித்தெடுத்ததையும் கண் எடுக்காமல் கவனித்தார். "மாமி, இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று பெரியவர் கேட்டபோது, தமிழ் தெரியாமலேயே அவர் தலையசைத்தார். ஏலக்காய் சற்றுத் தூக்கல் என்பது என் கருத்து, அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

12 மணிக்குப் பாடியவர் இளம் பாடகி ஒருவர். பகல் கச்சேரிகளுக்கு இந்தச் சபாவில் கட்டணம் கிடையாது. வளரும் கலைஞர்களை அருகில் இருந்து கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அவர் ஹிந்தோள ராகத்தை எடுத்ததும் நண்பரின் மனைவி என் பக்கம் திரும்பி, "மால்கௌன்ஸ், இந்த நேரத்திலா?" என்று வியந்தார். ஹிந்தோளத்துக்கு இணையான இந்துஸ்தானி ராகம்தான் மால்கௌன்ஸ்; அந்த மரபில் அது பின்னிரவுக்கு உரியது. நம்முடைய கர்நாடக இசை நூல்களிலும் ராகங்களுக்குப் பொழுது சொல்லப்பட்டிருக்கிறது என்றாலும் மேடையில் அதைக் கட்டாயமாகக் கொள்வதில்லை. உச்சி வெயிலில், வயிறு நிறைந்த நிலையில், அவர் நள்ளிரவு ராகத்தைக் கேட்டது எனக்கும் புதிய அனுபவமாக இருந்தது. பழகிய ஹிந்தோளத்தை நானும் அன்று வேறு காதுகளோடு கேட்டேன்.

மாலைச் சிற்றுண்டியில் கேண்டீனின் தரம் இறங்கியது. கீரை வடை மொறுமொறுப்பாக, உள்ளே கீரை பச்சை மாறாமல் நன்றாகவே இருந்தது. அடை அவியலில் அவியல் அருமை. அடை தடித்துப்போய் நடுவில் வேகாமல் இருந்தது. ரவா தோசைக்கு 25 நிமிடம் காத்திருந்தோம். டோக்கன் எண்ணைக் கூப்பிடும் முறை மாலையில் குழம்பிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் கிடைத்தது. பகலில் பெரியவர் ஒருவர் கண்ணாலேயே நடத்திய ஒழுங்கை மாலையில் நடத்த யாரும் இல்லை. விளைவாக 4 மணிக் கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணத்தை முழுதாகவும் அடுத்த உருப்படியில் பாதியையும் இழந்தோம். வர்ணத்தோடு தொடங்கும் கச்சேரி முறையைப் பழம்பெரும் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஏன் வகுத்தார் என்பது, அதைத் தவறவிட்டு நடுவில் நுழைந்து உட்கார்ந்தால் நன்றாகப் புரியும். குரலும் பக்கவாத்தியமும் நம் செவியும் சேர்ந்து சூடேறும் அந்தக் கால் மணி நேரம் பிறகு திரும்பக் கிடைப்பதில்லை.

இப்போது என் பெரிய மனக்குறையைச் சொல்கிறேன். இரவுக் கச்சேரியில் மூத்த வித்துவான் ஒருவர் கல்யாணி ராகத்தை விரிவாக ஆலாபனை செய்தார். நண்பரின் மனைவி அதை அதற்கு இணையான இந்துஸ்தானி ராகமான யமனாகவே கேட்டு, இந்த முறை பொழுதும் பொருந்திவிட்டது என்று மகிழ்ந்தார். பாடகர் கீழ்க்குரலான மந்தர ஸ்தாயியில் இறங்கி, மைக்கையும் சற்று விலக்கி, காற்றும் குரலும் பிரியாத ஒரு நிஷாத ஸ்வரத்தில் நின்றபோது, பக்கவாட்டுக் கதவுக்கு அப்பாலிருந்து ஒரு கூடை நிறைய டபரா டம்ளர்களை இரும்புத் தொட்டியில் கொட்டும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடியும் வரை ஐந்தாறு முறை கேட்டது. தனி தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகும் வழக்கம் சென்னை ரசிகர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. மிருதங்க வித்துவான்கள் இதைப் பற்றி வருந்திச் சொல்லாத ஆண்டே இல்லை. அன்று மிருதங்கமும் கடமும் ஆதி தாளத்தில் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் பங்கிட்டு, பிறகு பாதியாக, கால்பங்காகக் குறைத்து முடிவுக் கோர்வையை நோக்கி நெருங்கிய அந்த நேரத்தில், வரிசை வரிசையாக மக்கள் வெளியேற, திறந்த கதவு வழியே பாத்திரச் சத்தமும் பஜ்ஜி எண்ணெயின் வாடையும் உள்ளே வந்தன. எழுந்து போனவர்கள் பேரில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர்களை அழைக்கும் விதத்தில் சரியாக அந்த நேரத்தில் சூடான பண்டங்களை எடுத்து வைக்கும் கேண்டீனுக்கும் அதில் பங்கு உண்டு.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் இடத்தைக் கட்டடத்தின் பின்புறத்துக்கு மாற்றலாம். இரும்புத் தொட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தொட்டி வைக்கலாம். தனி முடியும் வரை பக்கவாட்டுக் கதவை மூடி, முன்வாசல் வழியாக மட்டும் ஆட்களை விடலாம். பகலில் "12 மணிக் கச்சேரிக்கா?" என்று கேட்கத் தெரிந்த ஒரு கேண்டீனால் இரவில் இதைச் செய்ய முடியும் என்று நான் முழுமையாக நம்புகிறேன். சபாவின் அலுவலகத்தில் இருந்த கருத்துப் புத்தகத்தில் இவற்றை எழுதிக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்.

காபி பகலில் நன்று. 50 ரூபாய்க்கு உரிய திக்கான டிகாக்ஷன், நுரை அடங்காமல் மேசைக்கு வந்தது. இரவில் இரண்டாம் டிகாக்ஷனை ஊற்றியிருக்கிறார்கள். பாலின் வாசனைதான் மேலோங்கி நின்றது. கை கழுவும் இடம் சுத்தமாக இருந்தது. முதியவர்களுக்கு முதுகு சாய வசதியான நாற்காலிகள் பந்திக் கூடத்தில் இல்லை; ரசிகர்களில் பாதிப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருக்கும் இடத்தில் இது கவனிக்க வேண்டிய குறை.

போக விரும்புகிறவர்கள் பகல் பந்திக்குப் போங்கள்; 11.15க்கு மேல் தாமதிக்காதீர்கள். மாலையில் கீரை வடையும் அவியலும் போதும். ரவா தோசைக்குக் காத்திருக்க வேண்டாம். போளி பார்சலாகவும் கிடைக்கிறது. மாலை 5 மணிக்கு முன்பே சொல்லிவைத்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே வாழையிலை வைத்து அடுக்கித் தருகிறார்கள். நண்பரின் மனைவி பன்னிரண்டு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். இரண்டு நாள் கழித்து நாகபுரியிலிருந்து தொலைபேசியில் பேசியவர், தவாவில் சுட வைத்து நெய் விட்டுத் தன் அம்மாவுக்குக் கொடுத்ததாகவும், மாவில் என்ன எண்ணெய், எத்தனை மணி நேரம் ஊற வைத்தார்கள் என்று அம்மா கேட்கிறார் என்றும் சொன்னார். அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்வதற்காக நாளை மறுபடியும் அங்கே போகிறேன். 12 மணிக்கு வீணைக் கச்சேரி இருக்கிறது.