பதிமூணாவது கோடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூனைக்குப் பல் ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை, பல்வேர் எப்படி இருக்கிறது என்று ஒரு எக்ஸ்ரே, பிடுங்கிய பிறகு வேர்த்துண்டு எதுவும் உள்ளே தங்கிவிட்டதா என்று இன்னொரு எக்ஸ்ரே. எல்லாம் முறையாகச் செய்தார்கள். அதில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு மருந்து பாட்டிலைப் பற்றி.

வாண்டு அம்மாவின் பூனை. ஒன்பது வயது, நாலு கிலோ. நான் வெளிநாடு போன பிறகு என் அறைக்குக் குடிவந்து, இப்போது நான் லீவுக்கு வந்தால் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். மூன்று மாதமாக வீடியோ காலில் அம்மாவுக்கு ஒரே புலம்பல்: "சாப்பாட்டைப் பார்த்ததும் ஓடி வர்றான்டி. ஒரு வாய் வெச்சதும் கத்திட்டு ஓடிர்றான்." எச்சில் வேறு வடிகிறது. கொட்டாவி விட்டால் பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நானும் பத்தாயிரம் மைல் தள்ளியிருந்து வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்து வாயைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. ஈறு மட்டுமில்லை, தொண்டை ஓரம் வரைக்கும் செக்கச்செவேல் என்று புண்.

பல்லில் படியும் அழுக்குக்கு எதிராக உடம்பே மிஞ்சிய சண்டை போடுகிறது, அழுக்கு ஒட்ட இடமில்லாமல் பண்ணுவதுதான் வழி என்றார் டாக்டரம்மா. பூனைக்கு மொத்தம் 30 பல். அதில் முன்கடைவாய்ப் பல் 10, கடைவாய்ப் பல் 4, இந்த 14-ஐயும் எடுக்கவேண்டும். எடுத்த பிறகும் சில பூனைகளுக்குப் புண் முழுசாக ஆறாது, மருந்து தொடரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"பல்லு இல்லாம எப்படி டாக்டர் சாப்பிடுவான்?"

"இப்ப அத்தனை பல்லு இருந்துதாம்மா சாப்பிட மாட்டேங்கறான்."

பூனை நம்மைப்போல் மெல்லுவது இல்லையாம். கிழிக்கும், விழுங்கும், அவ்வளவுதான். அரைக்கிற தட்டைப் பல்லே அதற்குக் கிடையாது.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். கண்மணி இரண்டும் விரிந்து கறுப்பாக இருந்தது. எழுந்து நாலடி வைத்தால் பின்கால் ஒரு பக்கம், முன்கால் ஒரு பக்கம். கட்டில், அலமாரி எதிலும் ஏறி விழாதபடி கீழே ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, விளக்கை அணைத்து வைத்தோம். முதல் ராத்திரி எச்சிலில் கொஞ்சம் ரோஸ் நிறம் கலந்து வந்தது. அது இருக்கும், சிவப்பு ரத்தமாகச் சொட்டினால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். வாய்வழியாகச் சொன்னது, அதுவும் நான் துருவிக் கேட்டதால் சொன்னது. கையில் கொடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. அதில் மருந்தின் பேர், கீழே: "0.4 மி.லி., தினம் 1, சாப்பாட்டுக்குப் பின்."

அவ்வளவுதான்.

இதே அங்கே என்றால்! போன வருஷம் என் பூனைக்கு ஒரே ஒரு பல் எடுத்தார்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யவேண்டியது என்று ஏழு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள், படம் போட்டு. பூனை மயக்கம் தெளிவதற்குள் "எங்கள் சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள்" என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. இங்கே சீட்டில் பூனை பேர்கூட இல்லை. வலி மருந்தின் பேர் "மெலாக்ஸிகாம்" என்று படிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கு வலி ஊசி போட்டாயிற்று, மறுநாள் சாயங்காலத்திலிருந்து வாய்மருந்து. மறுநாள் ஆறு மணிக்குப் பாட்டிலை எடுத்தேன். பாட்டில்மேல் நாய் படம்.

சரி, படத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன். ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம். எனக்கு நினைவு தெரிந்து என் பூனைக்கு அங்கே கொடுத்தது 0.5. அதே மருந்து, நாய்க்கு ஒரு வீரியம், பூனைக்கு ஒரு வீரியம். சீட்டில் எழுதியிருக்கும் 0.4 மில்லி பூனை பாட்டிலுக்கான கணக்கு. இந்த பாட்டிலில் அதே 0.4 எடுத்தால் மூன்று மடங்கு உள்ளே போகும். இந்த வகை மருந்து அளவு மிஞ்சினால் பூனையின் சிறுநீரகம் ஈடுகொடுக்காது. கூடவே இருந்த மருந்து அளக்கும் குழலிலும் மில்லி கோடு கிடையாது, நாயின் கிலோ கணக்கில்தான் கோடு.

போன் போட்டேன். எடுத்தது உதவிக்கு நிற்கும் பையன்.

"எல்லாம் ஒரே மருந்துதாங்க்கா."

"ஒரே மருந்துதான் தம்பி. மூணு மடங்கு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க."

எனக்கு வந்த கோபத்தில், "நான் இருக்கிற ஊர்ல இப்படிப் பண்ணினா என்ன நடக்கும் தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று கையைப் பிசைகிறாள். லீவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது சொல்லும் வசனம் அது. எத்தனையோ பேர் சொல்லக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு மாமா. "எதுக்கும்மா இவ்வளவு அலட்டல்? நம்ம காய்ச்சல் மாத்திரையில கால்வாசி ஒடைச்சுக் குடு, வலி போயிரும்." நாங்கள் விழித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காமல் போய், ஈறெல்லாம் பழுப்பேறி, உயிரே போய்விடும். மாமாவுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் மணி ஏழரை. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதே டோக்கன், அதே பெஞ்ச். சின்ன வயதில் சட்டைப்பையில் கோழிக்குஞ்சைப் போட்டுக்கொண்டு அப்பாவோடு இப்படி ஒரு பெஞ்சில் காத்திருந்திருக்கிறேன். அந்தக் குஞ்சுக்கு என்ன ஆனது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கால் உடைந்த நாய் ஒன்றை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும் மனசுக்குள் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பத்தி ஆகியிருந்தது, நல்ல பத்திகள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பையனைப் பார்த்தார். என்னிடம் திரும்பினார்.

"தப்பு எங்களுதும்மா. குடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"நல்லவேளை." பையனிடம், "பூனை பாட்டில் இருக்கா?"

இல்லை. நாளை மறுநாள்தான் வரும். போச்சு, மூன்றாவது பத்தியில் இதையும் சேர்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார், என் கண்ணெதிரில், ஒவ்வொரு வரியும் வாய்விட்டுச் சொல்லி. 0.4 மில்லியை 0.5-ஆல் பெருக்கினால் 0.2 மில்லிகிராம், அவனுக்குப் போகவேண்டியது அதுதான். அதை 1.5-ஆல் வகுத்தால் 0.13 மில்லி. ஒரு மில்லி குழல் ஒன்றை எடுத்து ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அந்தக் குழலில் பொடிப்பொடியாக நூறு கோடு இருக்கும். பையன் மேஜையில் கிடந்த சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பதிமூணாவது கோட்டின்மேல் சுற்றி ஒரு வளையம் போட்டார். ஊதிக் காயவைத்தார்.

"இதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம். சாப்பிட்டிருந்தா மட்டும் குடுங்க. சாப்பிடல, தண்ணி குடிக்கல, வாந்தி எடுக்கறான்னா மருந்தை நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. வாயைத் திறந்து தையலைப் பார்க்காதீங்க. அது தானா கரைஞ்சிரும், நீங்க இழுத்தாதான் பிரியும்." சீட்டின் ஓரத்தில் தன் சொந்த நம்பரை எழுதினார்.

ஏழு பக்கத்தில் இருந்தது எல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து சண்டைக்குத் தயாராக வந்தால்தான் அது வெளியே வரும் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது. கேட்கத் தெரியாதவர்கள், பாட்டிலைத் திருப்பிப் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் "சரிங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்?

அன்று ராத்திரி இன்னொரு சோதனை. மருந்து கொடுக்கச் சாப்பிட்டிருக்கவேண்டும். வாண்டு சாப்பிடவில்லை. தட்டருகே வந்தான், மோந்தான், ஒரு நக்கு நக்கினான், சூடு பட்டதுபோல் பின்வாங்கித் தட்டைப் பார்த்துச் சீறினான். வலியைத் தட்டுதான் கொடுக்கிறது என்று அவன் முடிவு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூனை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து அது தனி நோயாகிவிடும்.

என்னிடம் போனில் ஓர் அளவுகோல் உண்டு. பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019-இல் வெளியிட்டது. காது, கண், மூக்குவாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மதிப்பெண். பத்துக்கு நாலு வந்தாலே வலி மருந்து வேண்டும் என்று பொருள். நான் கட்டிலடியில் குப்புறப் படுத்து டார்ச் அடித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வந்தது.

அம்மா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டில் வெந்நீர் விட்டு மைபோல மசித்தாள். புறங்கையில் ஒரு துளி வைத்துச் சூடு பார்த்தாள், எனக்குக் குழந்தையில் பார்த்ததுபோல. உடம்புச் சூட்டுக்கு வந்தால்தான் வாசனை எழும்பும் என்று ஏழு பக்கத்திலும் இருந்தது, அம்மா அதைப் படித்தது கிடையாது. தட்டையே அவன் கண்ணில் காட்டவில்லை. விரல் நுனியில் தடவி அவன் மூக்குக்குக் கீழே நீட்டிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையும் பார்க்கவேண்டாம் என்றாள்.

பத்து நிமிஷம் இருக்கும். சொரசொர என்று சத்தம் கேட்டது. விரலை நக்குகிறான். நாக்கின் ஓரத்தை மட்டும் நீட்டி, தலையைச் சாய்த்து, வலிக்காத பக்கமாக. ஒரு விரல், இன்னொரு விரல், கடைசியில் உள்ளங்கை.

பதிமூணாவது கோடு வரைக்கும் இழுத்து, கன்னத்தின் ஓரமாகக் குழலை வைத்து மெல்ல விட்டேன். நேராகத் தொண்டைக்கு விட்டால் புரையேறும். என் கை நடுங்கியது, அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தே முக்காலுக்கு என் போனில் டிங் என்று ஒரு சத்தம். டாக்டரம்மா. எட்டு விநாடி வாய்ஸ் மெசேஜ், பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசில்: "வாண்டு சாப்பிட்டானா?"

அங்கே ராத்திரி பத்தே முக்காலுக்கு நான் கூப்பிட்டபோது, "அவசரம் என்றால் எண் இரண்டை அழுத்தவும்" என்றது. அழுத்தினேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றது. இருபது நிமிஷம் பாட்டு வேறு போட்டார்கள்.

புகார்க் கடிதத்தை நான் எழுதவில்லை. முதல் பத்தி இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் பூனை பாட்டில் வந்துவிட்டது என்று பையனே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அம்மாவுக்கோ பழைய குழலை விட மனசில்லை. "இதுல கோடு இருக்குல்ல" என்கிறாள். புது பாட்டிலுக்குப் பழைய கோடு ஆகாது என்று புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகி, கடைசியில் அவள் தூங்கும்போது எடுத்துக் குப்பையில் போட்டேன். அதற்கு மறுநாள் வாண்டு முன்காலைத் தூக்கி முகம் துடைக்க ஆரம்பித்தான். மாதக் கணக்கில் தன்னை நக்கிக்கொள்ளாமல் முதுகு ரோமமெல்லாம் சடை விழுந்து கிடந்தவன். அம்மா எனக்குக் காட்டினாள்: "காது நிமிர்ந்துருச்சு பாரு." மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். இரண்டு.

நான் விமானம் ஏறும் முன் தையல் காட்டப் போனோம். டோக்கன், பெஞ்ச். வாய் நன்றாக இருக்கிறது, சிவப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, மிச்சம் ஆற மாதக்கணக்காகும் என்றார் டாக்டரம்மா. வெளியே வரும்போது பையன் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

மருந்து அலமாரியைத் திறந்து காட்டினான். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பிரித்து, இரண்டிலும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அதே சிவப்பு ஸ்கெட்ச் பேனா. மேலே ஒரு நாய், சுமாராக இருந்தது. கீழே காது பெரிதாக, வால் நீளமாக, மீசை வைத்து ஏதோ ஒன்று.

"எலியாடா?"

"பூனைக்கா."