அப்பா பெயரில் நடக்க எந்தப் பாதை?

அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முன் ஒரு நெடும்பாதையை நடந்து முடித்து, அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸுக்கு (இறுதிக்கால நோயாளரைப் பராமரிக்கும் இடம்)க் காசு சேர்ப்பது என்று நானும் தங்கச்சியும் முடிவெடுத்தோம். லண்டனில் வேலை, மே மாதத்தில் ஒரு வார லீவு. எந்தப் பாதை என்பதில்தான் இழுபறி.

பென்னைன் வே முதலிலேயே கழன்றுவிட்டது. 1965இல் திறந்த பாதை, இங்கிலாந்தின் எடேலில் தொடங்கி ஸ்கொட்லாந்து எல்லை தாண்டிய கிர்க் யெட்ஹோம் வரை 431 கி.மீ. இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டும். கேட்பவர் வாயைப் பிளப்பார், காசும் கொடுப்பார், லீவுதான் கிடைக்காது.

தங்கச்சியின் ஆசை ஸ்கொட்லாந்தின் வெஸ்ட் ஹைலண்ட் வே. மில்கையிலிருந்து (ஊர்ப் பெயரின் எழுத்தைப் பார்த்து அப்படி வாசிக்கவே முடியாது) ஃபோர்ட் வில்லியம் வரை 154 கி.மீ. லோமண்ட் ஏரிக்கரை, ரானக் மூர் வெளி, முடிவில் பென் நெவிஸ். படம் போட்டால் நன்கொடை கொட்டும் என்றாள், அது உண்மைதான். ஸ்கொட்லாந்தில் வெட்டவெளியில் கூடாரம் போடச் சட்டம் இடம் கொடுப்பதால் அறைச் செலவும் குறையும். ஆனால் ஏரியின் கிழக்குக் கரையில் சில இடங்களில் கூடாரம் போட மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். மே கடைசியிலிருந்து மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி வேறு கூட்டமாக வந்து மொய்க்கும். ரானக் மூரில் மழை பிடித்தால் ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

என் வாக்கு, வட இங்கிலாந்தில் ரோமர் கட்டிய சுவரை ஒட்டிப் போகும் ஹேட்ரியன் சுவர்ப் பாதைக்கு. நியூகாசில் பக்கத்து வால்ஸெண்டிலிருந்து மேற்கே சோல்வே கரையிலுள்ள பௌனஸ் வரை 135 கி.மீ. மிக உயர்ந்த இடமே 345 மீட்டர்தான். குளிர்காலத்தில் ஈர மண் மிதிபட்டால் அடியில் இருக்கும் ரோமர் காலத்துச் சுவடுகள் கெடும் என்பதால் அப்போது நடப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். திவசம் டிசம்பரில் வந்திருந்தால் இந்தப் பாதையைச் சொல்லியே இருக்க மாட்டேன். சுவரோரம் சிக்கமோர் கேப் என்ற இடத்தில் நின்ற பேர்போன ஒற்றை மரத்தை 2023இல் வெட்டிவிட்டார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. நியூகாசில்–கார்லைல் ரயில் சுவருக்குச் சமாந்தரமாகவே ஓடுகிறது, சீசனில் ஏடி122 என்ற பஸ்ஸும் உண்டு. சித்தப்பாவோ மச்சாளோ ஒரு நாள் மட்டும் சேர்ந்து நடந்துவிட்டு வீடு திரும்பலாம். ஹைலண்டிலும் ரயில் இருக்கிறது. ஆனால் லண்டனிலிருந்து தூரம், அம்மா வரவே மாட்டார்.

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருநாள் நடைகளையும் யோசித்தோம். புற்றுநோய்த் தொண்டு நிறுவனமான மக்மில்லனின் மைட்டி ஹைக்ஸ் 26 மைல், பாதித் தூரமும் நடக்கலாம். சாப்பாடு, முதலுதவி எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல்முறை நடப்பவருக்கு அதுவே நல்லது. ஆனால் காசு அவர்களுக்குத்தான் போகும், எங்கள் ஹாஸ்பிஸுக்கு இல்லை.

காசு விஷயத்தில் பாதைக்குப் பாதை வித்தியாசமில்லை. வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கான வரியை அரசு திருப்பித் தரும் ஏற்பாடு) கட்டத்தில் டிக் போட்டால் ஒரு பவுண்ட் ஹாஸ்பிஸுக்கு 1.25 ஆகப் போய்ச் சேரும். பயணச் செலவை மட்டும் சொந்தக் கையிலிருந்து போட்டு, அதைக் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "என்ர காசில டூரா?" என்று ஒரு பெரியப்பா கேட்பார். எங்கள் பெரியப்பா கேட்டார்.

தங்கச்சி கடைசியில் இறங்கி வந்தாள். போர்ட் கார்லைலிலிருந்து பௌனஸ் வரை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. அந்தத் துண்டு அம்மாவுக்கு. சப்பாத்து வாங்கியாயிற்று, தினமும் பின்னேரம் பார்க்கைச் சுற்றி வருகிறார்.