கூகுள் ஃபார்ம்ஸ்: வாடிக்கையாளர் கருத்தாய்வுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கைத்தையல் குறிப்பேடுகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் விளம்பரமும் வாடிக்கையாளர் தொடர்பும் என் பொறுப்பு. எந்த விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது, யாரை நோக்கிப் பேசுவது, எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்பவற்றையெல்லாம் ஊகத்தால் முடிவு செய்துகொண்டிருந்த நாங்கள், கடந்த இரண்டு ஆண்டுகளாக வாங்கியவர்களிடமே கேட்டறிந்து முடிவெடுக்கப் பழகியிருக்கிறோம். அதற்கு நாங்கள் பயன்படுத்தும் கருவி கூகுள் ஃபார்ம்ஸ். கட்டணச் சேவைகள் பல இருக்கும்போது இலவசமான ஒன்றை நம்பி இறங்கலாமா என்று தயங்குபவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கூகுள் கணக்கு உள்ள எவரும் யாருடைய உதவியும் இல்லாமல் இதில் ஒரு படிவத்தை உருவாக்கிவிடலாம். படிவத்தைக் கூகுள் ஷீட்ஸ் விரிதாளுடன் இணைத்துவிட்டால், ஒவ்வொரு பதிலும் அது வந்த நாளோடும் நேரத்தோடும் ஒரு வரிசையாக அங்கே சேர்ந்துவிடும். எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, தேர்ந்தெடுத்த விடையைப் பொறுத்துப் பதிலளிப்பவரை வெவ்வேறு பகுதிகளுக்கு அனுப்பும் வசதிதான். "இந்தக் குறிப்பேட்டை யாருக்காக வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்குத் "எனக்காக" என்றவரிடம் தாளைப் பற்றியும், "பரிசளிக்க" என்றவரிடம் பொதிவைப் பற்றியும் கேட்க முடிந்தது. ஒரே ஒரு விடையைத் தேர்வு செய்யும் வினாக்களில் மட்டுமே இது இயங்கும். பல விடைகளைக் குறிக்கும் வினாவில் இயங்காது. ஆகவே, எந்தக் கேள்வியில் பாதை பிரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் வரைந்து வைத்துக்கொள்வது நல்லது.

விடைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றிக் காட்டும் வசதியும் உண்டு. பட்டியலில் மேலே இருப்பதைப் படித்தவுடன் அதையே குறித்துவிட்டு நகர்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வரிசை மாறும்போது அந்தச் சாய்வு எல்லா விடைகளுக்கும் பரவலாகப் பங்கிடப்பட்டுவிடும். ஆனால் "மேற்கண்ட எதுவுமில்லை" என்று நாமே தட்டச்சு செய்த விடையும் சேர்ந்து இடம் மாறும் என்பதால், அதைக் கேள்விக்கேற்ப வேறு சொற்களில் எழுத வேண்டியிருக்கும். "மிகவும் திருப்தி" என்பதிலிருந்து "சிறிதும் திருப்தியில்லை" வரை படிப்படியாகச் செல்லும் அளவுகோல்களில் இந்த வசதியைத் தொடவே கூடாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு வசதி, சில இடங்களை முன்பே நிரப்பிய இணைப்பு. மின்னஞ்சல் வழியாக அனுப்பும் இணைப்பில் ஒரு குறியீடும், பொட்டலத்துக்குள் வைக்கும் அட்டையின் இணைப்பில் வேறொரு குறியீடும் இட்டுவைத்தால், எந்தப் பதில் எந்த வழியாக வந்தது என்பது விரிதாளிலேயே தெரிந்துவிடும். அந்தக் கட்டம் பதிலளிப்பவரின் கண்ணில் படும், அவர் நினைத்தால் அதை மாற்றவும் முடியும். எனவே "இதை அப்படியே விட்டுவிடுங்கள்" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். ஒருவரை அடையாளம் காட்டும் குறியீட்டை இட்டுவிட்டுப் படிவத்தின் தலைப்பில் "பெயர் தெரியாத கருத்தாய்வு" என்று எழுதுவது நேர்மையல்ல.

இனி, கருவியைக் கடந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதல் கருத்தாய்வு பயனற்றுப் போனது, அதற்கு நாங்களே காரணம். இருபத்தேழு கேள்விகள் வைத்திருந்தோம். அவற்றுள் ஒன்று, "தரமும் விலையும் உங்களுக்குத் திருப்தியளித்தனவா?" என்பது. தரம் பிடித்து விலை பிடிக்காதவர் இதற்கு என்ன விடை தருவார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தொலைபேசித் திரையில் விரியாத பெரிய கட்ட வினாக்களை அடுக்கியிருந்ததால், பலர் எல்லா வரிசையிலும் ஒரே நெடுவரிசையைக் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைவிடப் பெரிய பிழை, எங்கள் செய்திமடலைப் பெறுபவர்களுக்கு மட்டுமே படிவத்தை அனுப்பியதுதான். அவர்கள் ஏற்கெனவே எங்கள்மீது பிரியம் கொண்டவர்கள். தாளின் தரத்தைப் பாராட்டி எழுதினார்கள். நாங்களும் அடுத்த சில மாதங்களுக்குத் தாளைப் பற்றியே விளம்பரம் செய்தோம். புதிதாக வாங்க வந்தவர்களின் எண்ணிக்கையில் அசைவே தெரியவில்லை.

கருத்தாய்வு வரலாற்றில் இந்தப் பிழைக்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றினார். அன்று வசதி படைத்தவர்களே அதிகம் இடம்பெற்ற தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் பெயர்களை எடுத்திருந்தார்கள் என்பதோடு, சீட்டைத் திருப்பி அனுப்ப முன்வந்தவர்களும் ஒரு தனி வகையினராக இருந்தார்கள். 400 பதில்கள் கிடைத்தால் பிழை வரம்பு, அதாவது முடிவு உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 5 சதவீதம் என்று சொல்லும் கணக்கு, அந்த 400 பேரும் மொத்தக் கூட்டத்திலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவர்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இணைப்பைக் கண்டு தாமாக வந்து நிரப்பியவர்களுக்கு அது பொருந்தாது. எந்தக் கட்டணச் சேவையை வாங்கினாலும் இந்த நிலை மாறாது.

இரண்டாம் முறை, ஒரே ஒரு தடவை வாங்கிவிட்டு மீண்டும் வராதவர்களின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்து, ஐந்தே கேள்விகள் அனுப்பினோம். கடைசிக் கேள்விக்கு விருப்பம்போல் எழுத இடம் விட்டிருந்தோம். அங்கே ஒருவர் எழுதியிருந்தது இன்றும் என் மேசையில் ஒட்டியிருக்கிறது: "தோழிக்குப் பரிசாக நேரே அவள் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். பிரித்தவுடன் விலைச்சீட்டுதான் முதலில் கையில் கிடைத்ததாம்." இதே குறையை வேறு சொற்களில் இன்னும் பலர் எழுதியிருந்தார்கள். எங்கள் குறிப்பேடுகள் பரிசாக வாங்கப்படுகின்றன என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. விலைச்சீட்டை மின்னஞ்சலுக்கு மாற்றினோம். வாழ்த்து அட்டை சேர்க்கும் வசதியைக் கொடுத்தோம். விளம்பரத்தில் தாளைப் பின்னுக்குத் தள்ளிப் பரிசை முன்னுக்குக் கொண்டுவந்தோம். அந்த விளம்பரங்களுக்குத்தான் புதியவர்கள் வரத் தொடங்கினார்கள்.

"எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரையிலான அளவில் கேட்கும் வினாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வணிக ஆலோசகர் ஃபிரெட் ரெய்க்ஹெல்ட் 2003-இல் முன்வைத்த இந்த முறையில், 9, 10 தந்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை தந்தவர்களின் சதவீதத்தைக் கழித்தால் கிடைப்பதே மதிப்பெண். கூகுள் ஃபார்ம்ஸில் 0 முதல் 10 வரை அளவுகோல் அமைக்கலாம், ஆனால் அது இந்த மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தராது. விரிதாளில் நாமே சூத்திரம் எழுதிக்கொள்ள வேண்டும். நூறு பேரில் 50 பேர் மகிழ்ந்து 20 பேர் வருந்தினாலும் மதிப்பெண் 30, 35 பேர் மகிழ்ந்து 5 பேர் மட்டும் வருந்தினாலும் 30. முதல் நிலையில் வருந்தியவர்களிடம் உடனே பேச வேண்டும். இரண்டாம் நிலையில், நடுவில் நிற்கும் 60 பேரை எப்படி ஈர்ப்பது என்று பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் அறிக்கையில் எழுதுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும் என்பதால், "ஏன் இந்த எண்ணைத் தந்தீர்கள்?" என்ற கேள்வியை அடுத்த வரியிலேயே வைக்கிறோம்.

விலையைப் பற்றி நேராகக் கேட்டால் எவரும் குறைவாகவே சொல்வார்கள். 1976-இல் டச்சுப் பொருளாதார அறிஞர் பீட்டர் வான் வெஸ்டென்டார்ப் வகுத்த நான்கு கேள்விகள் இங்கே உதவுகின்றன: எந்த விலையில் மலிவென்று தரத்தையே சந்தேகிப்பீர்கள், எது நல்ல விலை, எங்கே அதிகம் என்று யோசிக்கத் தொடங்குவீர்கள், எங்கே வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். விடைக் கட்டத்தில் எண்ணை மட்டுமே ஏற்கும்படி கட்டுப்பாடு வைக்க முடிவதால், இதை இங்கே எளிதாக நடத்தலாம்.

முன் கேள்விக்குத் தந்த விடையை அடுத்த கேள்வியின் வாசகத்துக்குள் கொண்டுவர இதில் வழியில்லை. ஒரு பிரிவினரிடமிருந்து இத்தனை பதில்கள் போதும் என்று வரம்பிடும் வசதியும் இல்லை. ஒருவர் ஒரு முறை மட்டுமே பதிலளிக்க வேண்டுமென்றால் அவரைக் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்ல வேண்டும். அந்த ஒரு படியிலேயே சிலர் திரும்பிவிடுவார்கள் என்பதால் நாங்கள் அதை வைப்பதில்லை. பல்லாயிரம் பேரை வகைவகையாகப் பிரித்து ஆராய வேண்டிய பெரிய நிறுவனங்களுக்கு இவை தடையாகலாம், அவர்கள் கட்டணச் சேவையை நாடுவதே சரி. எங்களைப் போன்றவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஒவ்வொரு கேள்விக்கும் நேரே "இதற்கு வரும் விடையால் எந்த முடிவு மாறும்?" என்று எழுதிப் பார்க்கிறோம், எதுவும் மாறாது என்றால் அந்தக் கேள்வியை நீக்கிவிடுகிறோம். இருபத்தேழு ஐந்தாகக் குறைந்தது அப்படித்தான்.

இப்போது அடுத்த படிவம் தயாராகிக்கொண்டிருக்கிறது. குறிப்பேட்டைத் தேர்ந்தெடுத்து, முகவரியும் தந்து, பணம் செலுத்தும் பக்கத்தில் நின்றுவிட்டவர்களில், தொடர்புகொள்ளச் சம்மதித்தவர்களுக்கு மட்டும் அது போகும். அதில் இருப்பது ஒரே கேள்வி: "எந்த இடத்தில் மனம் மாறியது?"